பல்லாங்குழிச் சாவி: குழிச்சாவிப் பூட்டுகளைத் திறந்து பழகுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் கொலுசுப் பட்டறை. மேல்தளத்தில் நான் பூட்டுத் திறந்து பழகுகிறேன். மாடியேறி வருகிறவர்களின் கண் முதலில் மேசை மீது போகும். அங்கே பொருளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ், அதன் பிடியில் கதவுப் பூட்டின் சிலிண்டர் ஒன்று, பக்கத்தில் பாட்டியின் பல்லாங்குழிப் பலகை. அடுத்து கேள்விகள் தொடங்கும். ஆறு ஆண்டுகளாக அதே கேள்விகள்தாம். பதில்களை எழுதி வைத்துவிட்டால் காபியாவது ஆறாமல் குடிக்கலாம்.

குழிச்சாவிப் பூட்டு என்பது எது?

சாவிக் கடைக்காரர்கள் "கம்ப்யூட்டர் சாவி" என்பார்களே, அதுதான். அதில் கம்ப்யூட்டரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. சாதாரணச் சாவியின் விளிம்பில் மலைத்தொடர் போல மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்கும். குழிச்சாவி ஒரு தட்டைப் பட்டை. விளிம்பை விட்டுவிட்டு அதன் முகத்தில் சின்னச் சின்னக் குழிகளைத் தோண்டியிருப்பார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில். பல்லாங்குழிப் பலகையைச் சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருக்கியது போல இருக்கும். பெரும்பாலானவற்றில் இரு முகத்திலும் ஒரே குழிகள்தாம். இருட்டில் எந்தப் பக்கமாகச் செருகினாலும் திறக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஸ்விட்சர்லாந்தில் ஃபிரிட்ஸ் ஷோரி என்பவர் 1934இல் வடிவமைத்த 'காபா 8' பூட்டிலிருந்து இந்த வம்சம் தொடங்குகிறது. அந்தப் பூட்டைச் செய்தது பாவர் என்ற பெட்டகத் தயாரிப்பாளரின் நிறுவனம். ஜெர்மன் மொழியில் பணப்பெட்டியைக் குறிக்கும் 'காஸன்' என்ற சொல்லையும் 'பாவர்' என்ற பெயரையும் ஒட்டவைத்துத்தான் 'காபா' என்று பெயர் சூட்டினார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

சாவி நுழைந்து சுழலும் உருளைக்குப் பிளக் என்று பெயர். அதைச் சுற்றி அசையாத ஒரு பித்தளைக் கூடு. கூட்டிலிருந்து பிளக்குக்குள் வரிசையாகத் துளைகள் இறங்குகின்றன. ஒவ்வொரு துளையிலும் இரண்டு பின்கள், அதாவது குட்டி உலோகத் தண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மேலே ஒரு ஸ்பிரிங் அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்தால் ஒவ்வொரு ஜோடியும் பிரிகிற இடம், பிளக்கும் கூடும் உரசும் எல்லைக்கோட்டில் வந்து நிற்கும். பிளக் சுழலும். அமெரிக்காவில் லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை பெற்ற பூட்டும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. குழிச்சாவிப் பூட்டில் பின்கள் இன்னும் சிறியவை, இன்னும் நெருக்கமானவை, சில சமயம் இரண்டு மூன்று வரிசைகளில் இருப்பவை. மாற்றம் அவ்வளவே.

இது திருட்டு வேலை அல்லவா?

என் மாமியார் கேட்ட முதல் கேள்வி. நாளிதழைப் புரட்டிப் பாருங்கள்: "பூட்டை உடைத்து நகை கொள்ளை" என்றுதான் செய்தி வரும். கடப்பாரையை நாதாங்கியில் கொடுத்து நெம்பினால் நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு, நாற்காலி போட்டு உட்கார்ந்து பதினொரு நாள் செலவிடுகிற திருடனை நான் பார்த்ததில்லை. என் முதல் குழிச்சாவிப் பூட்டுக்கு எனக்குப் பதினொரு நாள் ஆனது.

இந்தப் பழக்கத்துக்கு மரியாதையான பூர்வீகமும் உண்டு. லண்டனில் ஜோசப் பிராமா 1790இல் தன் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறந்தால் 200 கினி பொற்காசு பரிசு என்று அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது அசையவில்லை. 1851 உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், அதுவரை யாராலும் முடியாது என்று கருதப்பட்ட, 'சப்' என்ற நிறுவனத்தின் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு பிராமாவின் பூட்டோடு மொத்தம் 51 மணி நேரம் மல்லுக்கட்டி அதையும் திறந்துவிட்டார். இங்கிலாந்தே அதிர்ந்துபோனது. பூட்டுத் தயாரிப்பாளர்கள் பட்டறைக்குத் திரும்பி நல்ல பூட்டுகளைச் செய்யத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் 1997 முதல் இதற்கென்று விளையாட்டுச் சங்கமே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் பூட்டை உங்கள் மேசையில் திறப்பது உங்கள் பாடு. அடுத்தவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதற்காகத் திறந்தால் கதையே வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 330ஆம் பிரிவைப் பார்த்தால், எதையும் உடைக்காமல் பூட்டைத் திறந்து அப்படி நுழைவதும் வீட்டை உடைத்துப் புகுவதாகவே எண்ணப்படுகிறது. தண்டனை 331ஆம் பிரிவில் இருக்கிறது. "நான் ஒன்றையும் உடைக்கவில்லையே" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஆகவே எங்களுக்கு இரண்டே விதிகள். உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதீர்கள். சொந்தமே ஆனாலும், அன்றாடம் பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதீர்கள். இரண்டாவது விதி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நெம்பும்போது ஸ்பிரிங் மடங்கலாம், பின் சிக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு வீட்டு வாசற்கதவில் அது நடந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். என் கணவர் இன்றும் அதைக் கல்யாண வீடுகளில் சொல்லிக் காட்டுகிறார்.

கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றவும் வேண்டாம். ஏற்காடு அடிவாரத்தில் ஒருமுறை பையைச் சோதித்த காவலர் என் கருவிப் பையை விரித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் பஸ் முழுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். கொலுசு வேலைக்கான சாமணமும் அரமும் அதே பையில் இருந்ததால் அன்று தப்பித்தேன். இப்போது மலைக்குப் போவதென்றால் பூட்டு, அதன் சாவி, வாங்கிய ரசீது மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கும்.

சாவியில் குழி இருந்தாலே உயர்பாதுகாப்புப் பூட்டுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். குழி என்பது சாவியின் வடிவம், பாதுகாப்புக்கான சான்றிதழ் அல்ல. 300, 400 ரூபாய்க்கு விற்கும் குழிச்சாவிப் பூட்டுகள் சிலவற்றில் துளைகள் தளர்வாகக் குடையப்பட்டிருக்கும், எல்லாப் பின்களும் சாதா உருளைகளாக இருக்கும். கம்பியை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தாலே சில பூட்டுகள் திறந்துகொள்கின்றன. அப்படி ஒன்று ஐந்தாவது விநாடியில் கையில் விரிந்தபோது எனக்கு மகிழ்ச்சியே வரவில்லை. அதே பூட்டு எங்கள் நாத்தனார் வீட்டு மாடிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

உண்மையான உயர்பாதுகாப்பு வேறு இடங்களில் இருக்கிறது. முதலில் துல்லியம்: துளைக்கும் பின்னுக்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இடைவெளி. அடுத்து, சரியாக அமர்ந்துவிட்டது போலப் போக்குக்காட்டும் ஏமாற்றுப் பின்கள். அதற்கும் அடுத்து, பின்களோடு சேர்த்துப் பக்கவாட்டில் தனியாக ஒரு தடுப்புப் பட்டை. இஸ்ரேலில் 1973இல் தொடங்கிய மல்ட்டிலாக் நிறுவனத்தின் பூட்டுகளில் பின்னுக்குள் இன்னொரு பின் இருக்கும், அடுக்குப் பாத்திரத்தில் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்திருப்பது போல. வெளிப்பின்னும் உள்பின்னும் தனித்தனியாக எல்லைக்கோட்டுக்கு வர வேண்டும்.

திண்டுக்கல் பூட்டையும் இப்படித் திறக்கலாமா?

அது வேறு குலம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, உள்ளே தகடுகளை அடுக்கிச் செய்யும் நெம்புத்தகட்டு வகை. பின்களே கிடையாது. அதற்கான கருவியும் கையின் போக்கும் வேறு. கைவேலைப் பூட்டுகளில் எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்.

நேரடியாகக் குழிச்சாவியிலிருந்தே தொடங்கலாமா?

தொடங்கலாம், ஒரே மாதத்தில் வெறுத்தும் போகலாம். முதலில் ஐந்து பின் கொண்ட சாதாரணப் பித்தளைப் பூட்டு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிற அளவுக்குப் பழகுங்கள். விரல் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

சினிமாவில் கொண்டை ஊசியால் திறக்கிறார்களே?

எங்கள் ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசிகள் இருக்கின்றன. அவற்றால் எத்தனை பூட்டைத் திறக்கலாமோ, தலையில் செருகும் கொண்டை ஊசியாலும் குழிச்சாவிப் பூட்டில் அத்தனைதான்.

அப்படியானால் என்னென்ன கருவிகள் வேண்டும்?

இரண்டு. ஒன்று பிளக்கைத் திருப்பிப் பிடிக்கும் தகடு. உலகம் முழுக்க இதை டென்ஷன் கருவி என்கிறார்கள். வீட்டில் அப்படிச் சொன்னால் எனக்குத்தான் டென்ஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் நான் திருப்புத்தகடு என்கிறேன். இன்னொன்று பின்களைத் தள்ளும் நெம்புகம்பி.

குழிச்சாவிக்கான நெம்புகம்பி தனி வடிவம். சாவித்துவாரம் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருப்பதால் சாதாரணக் கொக்கிக் கம்பிக்கு மேலெழும்ப இடமில்லை. ஆகவே நேரான கம்பியின் நுனியில் பக்கவாட்டில் நீட்டிய சின்னக் கொடி ஒன்று இருக்கும். கம்பியைத் தூக்கக் கூடாது, விரலுக்கிடையில் உருட்ட வேண்டும். உருட்டினால் கொடி கீல் போலத் திரும்பி மேலே உள்ள பின்னைத் தள்ளும்.

இணையத்தில் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. காரின் வைப்பர் ரப்பருக்குள் இரண்டு நீளமான துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகள் இருக்கும், வளைத்தால் நிமிரும். பழைய வைப்பரை மெக்கானிக் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். என் திருப்புத்தகடுகள் எல்லாம் அதில் செய்தவை. கொடிக்கம்பியை அப்பாவின் கொலுசு அரங்களால் ராவி எடுத்தேன். கடைசியாக நுண்மையான உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். சொரசொரப்பான கம்பி, பின் அசைவதையும் தான் உரசுவதையும் ஒன்றுபோலவே விரலுக்குச் சொல்லும்.

சரி, எப்படித்தான் திறக்கிறது?

உலகில் எந்தப் பூட்டிலும் துளைகள் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. மயிரிழையாவது விலகியிருக்கும். அந்த மயிரிழையில்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது. பிளக்கை இலேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை, ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதைத் தேடிக் கண்டுபிடித்து எல்லைக்கோடு வரை தள்ளினால் பிளக் நூலளவு திரும்பும். மேற்பின் அந்த விளிம்பில் தங்கிவிடும். அடுத்து வேறொன்று இறுகும். கடைசிப் பின் வரை இப்படியே.

எழுதினால் நான்கு வரி. கையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சிலிண்டரை வைஸில் துணி சுற்றிக் கடித்து வைத்திருக்கிறேன். திருப்புத்தகடு சாவித்துவாரத்தின் ஓரத்தில், கொடிக்கு வழிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. இடது ஆள்காட்டி விரல் அதன்மேல் இருக்கிறது. அழுத்தவில்லை, காய்ச்சிய பாலின் ஆடையை ஓரமாக ஒதுக்குகிற அளவுக்குத்தான் எடை. வலக்கையில் கம்பியைக் கடைசிவரை விட்டு, ஒவ்வொரு பின்னாகத் தொட்டுக்கொண்டே வருகிறேன். ஆறாவது துள்ளுகிறது, ஸ்பிரிங் மட்டும்தான். ஐந்தாவது துள்ளுகிறது. நான்காவது துள்ளவில்லை, கல் மாதிரி நிற்கிறது. கம்பியை நெல்மணி உருட்டுவது போல உருட்டுகிறேன். "டிக்." காதுக்குக் கேட்கவில்லை, நகக்கண்ணுக்குக் கேட்கிறது. இடது விரலுக்குக் கீழே தகடு இம்மியளவு நகர்ந்துவிட்டது.

புதியவர்கள் எல்லாரும் வலக்கையைத்தான் குறை சொல்வார்கள், கம்பி சரியில்லை, கொடி பெரிது என்று. பத்தில் ஒன்பது முறை தவறு இடக்கையில். அழுத்தம் கூடினால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகிவிடும், எதுவும் எதையும் சொல்லாது. எங்கள் பட்டறையில் சலங்கைக்குப் பற்றாசு வைக்கப் பழகும் பையன்களிடமும் இதையே பார்த்திருக்கிறேன். பற்றவைக்கும் கை நன்றாகத்தான் இருக்கும், சாமணம் பிடித்திருக்கும் கைதான் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

பிளக் கொஞ்சம் திரும்பிவிட்டு நின்றுவிடுகிறது. திறந்துவிட்டதா?

ஏமாந்துவிட்டீர்கள். நல்ல பூட்டுகளில் மேற்பின் நேர் உருளையாக இருக்காது, உடுக்கை போல இடை மெலிந்திருக்கும். பிளக் திரும்பும்போது அதன் இடுப்பு எல்லைக்கோட்டில் மாட்டிக்கொள்கிறது. பிளக் சில பாகை தாராளமாகத் திரும்பிவிட்டுப் பாறை போல நிற்கும். இந்த நிலையில் உடுக்கைப் பின்னைத் தள்ளினால் பிளக் எதிர்த்திசையில் திரும்பி விரலைத் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு இடம்கொடுக்க வேண்டும். இடம் கொடுத்தால் ஏற்கெனவே அமர்ந்த பின்கள் கீழே விழுந்துவிடுமோ என்ற பயம் வரும். விழவும் செய்யும். மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

வரி வரியாக வெட்டிய பின்களும் உண்டு. ஒவ்வொரு வரியிலும் அமர்ந்துவிட்டது போலவே ஒரு "டிக்" வரும். அவற்றைச் செய்தவர் மீது எனக்குக் கோபமும் மரியாதையும் சம அளவில் இருக்கின்றன.

பூட்டைப் பிரித்துப் பார்க்கலாமா? பல்லாங்குழிப் பலகை எதற்கு?

கட்டாயம் பிரிக்க வேண்டும். பிரித்து, எல்லாப் பின்களையும் எடுத்துவிட்டு இரண்டை மட்டும் திரும்பப் போட்டுப் பழகுங்கள். அது எளிதானதும் மூன்றாவது, நான்காவது என்று கூட்டிக்கொண்டே போங்கள். நேரே முழுப் பூட்டோடு மோதுவதைவிட இது பலமடங்கு வேகம்.

பிளக்கை வெளியே இழுக்கும்போது அதே தடிமனுள்ள உருளை ஒன்றைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங்குகள் பாயும். முதல் முறை எனக்கு இது தெரியாது. இழுத்தேன், சடசடவென்று எல்லாம் பறந்தன. ஐந்து மேற்பின்கள் பாயில் கிடைத்தன. ஆறாவது படிக்கட்டு வழியாக உருண்டு பட்டறைக்கே போயிருக்கிறது. பட்டறையில் கூட்டிய மண்ணையும் வெள்ளித்தூளுக்காகச் சேர்த்து வைத்துச் சலிப்பார்கள். இரண்டு மாதம் கழித்துச் சலிக்கும்போது, "அக்கா, இது உங்கள் சாமானா?" என்று ஒரு பித்தளைத் துணுக்கைக் கொண்டுவந்து கொடுத்தான் பட்டறைப் பையன்.

அன்றிலிருந்து பல்லாங்குழிப் பலகை. ஒரு பக்கம் ஏழு குழி, மறுபக்கம் ஏழு குழி. கீழ்ப்பின்கள் ஒரு வரிசையில், மேற்பின்கள் எதிர்வரிசையில், ஸ்பிரிங்குகள் மீதிக் குழியில். ஆறு பின் பூட்டுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. பாட்டி இருந்திருந்தால் சோழிகளை எங்கே போட்டாய் என்று கேட்டிருப்பார்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

விடாதீர்கள். நம் வீடுகளில் கதவுக் கீல் முதல் தலைமுடி வரை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பூட்டுக்குள் அது தூசியைச் சேர்த்துக் களியாக்கும். ஏற்காட்டில் இன்னொரு கூத்தும் நடக்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் காலையில் என்ன ஆகும்? காபித் தோட்டத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மா வீட்டுக் கிடங்குப் பூட்டு, சொந்தச் சாவிக்கே திறக்காமல் தினமும் அடம்பிடித்தது. பத்து மணி வெயில் பட்டதும் தானாகத் திறந்தது. "காலையில் அதற்குக் குளிர்கிறது" என்று பெரியம்மா சொன்னதை நான் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டேன். பிரித்துப் பார்த்தால் பின்களைச் சுற்றி வெள்ளை மெழுகாக எண்ணெய். பெரியம்மா சொன்னதுதான் சரி. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிராஃபைட் தூளைக் கொஞ்சமாகத் தூவிக் கொடுத்தேன். பென்சில் முனையைச் சுரண்டினாலும் அவசரத்துக்கு ஆகும்.

குழந்தைகளுக்குச் சொல்லித்தரலாமா?

இரண்டு விதிகளையும் ஒப்பிக்கத் தெரிந்த குழந்தைக்குத் தரலாம். என் பத்து வயது மகளுக்குப் பொறுமை என்னைவிட அதிகம். பீரோ பூட்டின் மேல் கை வைத்தால் ஒரு மாதம் கம்பி கிடையாது என்பது எங்கள் வீட்டுத் தனி விதி.

சாவி தொலைந்துவிட்டது. வந்து திறந்து தருவீர்களா?

மாட்டேன். அந்த வீடு உங்களுடையதுதானா என்று விசாரிக்கும் வேலை எனக்கு வேண்டாம். சாவி செய்பவரைக் கூப்பிடுங்கள், அது அவர் தொழில், அவர் என்னைவிட வேகமும்கூட.

இதையெல்லாம் படித்துவிட்டேன். என் வீட்டுப் பூட்டை மாற்ற வேண்டுமா?

முதலில் நாதாங்கியைப் பாருங்கள். அரையங்குலத் திருகாணி நான்கில் அது நிற்கிறது என்றால், அதில் எந்த நாட்டுப் பூட்டைத் தொங்கவிட்டாலும் ஒன்றுதான். நீளமான திருகாணி, கனமான கொண்டி, உளுத்துப்போகாத கதவுநிலை. அதன்பிறகு பூட்டைப் பற்றிப் பேசலாம்.

உங்களால் திறக்க முடியாத பூட்டு உண்டா?

இழுப்பறையில் ஒன்று இருக்கிறது. சித்தி மகன் துபாயிலிருந்து வாங்கி வந்த, பின்னுக்குள் பின் வைத்த சிலிண்டர். வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வெளிப்பின்கள் ஐந்தும் அமர்ந்துவிடுகின்றன. உள்பின்களில் மூன்றாவதைத் தொட்டதும் முதலாவது விழுந்துவிடுகிறது. போன வாரம் ஏற்காட்டில் மழைக்கு வெளியே போக முடியாத ஒரு மாலையில் நான்காவது உள்பின் வரை போனேன். அப்போது பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். மேசை ஆடியது.